பாசி பிடித்த மீன்தொட்டி: மருந்து ஊற்றும் முன்...

"தொட்டி முழுக்கப் பாசி பிடித்துவிட்டது, என்ன மருந்து ஊற்றலாம்?" வண்ணமீன் வளர்ப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. வயலில் களையைக் கண்டதும் தெளிப்பானைத் தேடும் அதே அவசரம்தான். வயலில் மருந்து தவறினால் பயிர் வாடும். தொட்டியில் தவறினால் மறுநாள் விடியற்காலையில் மீன்கள் வயிறு தெரிய மிதக்கும்.

சென்னை கொளத்தூரும் அதையடுத்த திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களும் வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர் போனவை. வேறு பல ஊர்களிலும் வீட்டுக் கொல்லையில் நாலைந்து சிமெண்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, பிளாட்டிக் குஞ்சுகளோடு தொட்டிச் செடிகளையும் வளர்த்து விற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பாசி படிந்த செடியைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே வரவேற்பறையில் தொட்டி வைத்திருப்பவருக்கு அழகு சார்ந்த தொல்லையாக இருப்பது இவர்களுக்கு வருமானத்தில் விழும் அடி.

தமிழில் தண்ணீரில் பச்சையாக இருக்கும் எல்லாமே 'பாசி'தான். குளத்தில் கொடிபோல் வளரும் ஹைட்ரில்லாவும் பாசி, கல்லில் வழுக்குவதும் பாசி. இங்கே பேசப்படுவது வேர், தண்டு, இலை என்று பிரியாத பாசியை மட்டும். ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா, வயல் வரப்பில் படரும் நீர்ப்பிரம்மி ஆகியவை தொட்டியில் பயிர். பாசி அந்தப் பயிருக்கு நடுவே வந்த களை.

களை எப்போது தலைதூக்கும் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலும் உரமும் ஈரமும் இருந்து, பயிர் மட்டும் நோஞ்சானாக இருந்தால் களைக்குக் கொண்டாட்டம். தொட்டிக்குள்ளும் அதே கதைதான். மீன் தின்னாமல் விட்ட தீவனமும் மீனின் கழிவும் அழுகி அம்மோனியா ஆகிறது. நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தீவனத்திலிருந்து மணிச்சத்தும் சேர்கிறது. இந்தச் சத்துகளைச் செடி எடுத்துக்கொண்டால் செடி வளரும். செடி எடுக்காத பங்கைப் பாசி எடுத்துக்கொள்ளும். பாசியைக் கொன்றாலும் அந்தச் சத்து தண்ணீரிலேயே இருப்பதால், மருந்து அடித்த தொட்டியில் பத்து நாளில் மறுபடி பாசி வருகிறது.

வெளிச்சமும் தீவனமும்

முதலில் கை வைக்க வேண்டியது வெளிச்சத்தில். வீட்டுக்குள் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்திலிருந்து தொட்டியை நகர்த்திவிட வேண்டும். கொல்லையில் உள்ள சிமெண்ட் தொட்டிக்கு நாற்றங்காலுக்குக் கட்டும் 50 சத நிழல்வலையே சரியாக இருக்கும். நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு அசோலாவை மிதக்கவிட்டால் அது நிழலும் தரும், நீரிலுள்ள மணிச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். பெருகியதை அள்ளிக் கோழிக்குப் போடலாம். பரப்பு முழுவதையும் மூட விடக்கூடாது. காற்று நீரில் கலப்பது குறைந்துவிடும்.

அடுத்தது தீவனம். இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுதான் ஒரு வேளைத் தீவனம். குழந்தைகள் ஆசையாக அள்ளிப் போடும் ஒவ்வொரு கையும் பாசிக்கு இடும் உரம். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை, அடியில் படிந்த கசடோடு சேர்த்து, ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். எடுத்த தண்ணீர் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல ஊட்டம். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த தண்ணீர் பட்டால் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செத்துப்போகும்.

தண்ணீரை மாற்றி மாற்றியும் பாசி குறையவில்லை என்றால் கிணற்று நீரைச் சந்தேகப்பட வேண்டும். பல ஆண்டுகள் யூரியா இட்ட நிலத்தின் கிணறுகளில் நைட்ரேட் ஏறியிருக்கக்கூடும். குடிநீருக்கே லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. தண்ணீர் மாற்றுவதாக நினைத்துத் தொட்டிக்கு உரத்தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கலாம். பாசனத்துக்கு நீர் ஆய்வு செய்யும்போது நைட்ரேட்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. அப்படிப்பட்ட கிணறாக இருந்தால் மழைநீர் பிடித்துக் கலப்பதுதான் வழி.

செடி ஏன் தின்னவில்லை?

பலர் செய்யாத பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் தீவனம் வழியே தாராளமாகக் கிடைத்தும் செடி வளராமல் நின்றால், வேறு ஏதோ ஒரு சத்து குறைகிறது என்று பொருள். பயிரில் ஒரு சத்து குறைந்தால் மற்ற சத்துகளை எவ்வளவு கொட்டினாலும் வீண்தானே. தொட்டியில் பெரும்பாலும் குறைவது சாம்பல் சத்தும் இரும்பும். பழைய இலையில் ஊசி குத்தியது போல் ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளானால் சாம்பல் சத்துக் குறை. நிலக்கடலையில் பார்ப்பது போல் குருத்திலை வெளுத்தால் இரும்புக் குறை.

உரக்கடையில் கிடைக்கும் 0:0:50, அதாவது நீரில் முழுதும் கரையும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ், இதற்குப் போதும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி நீர் உள்ள தொட்டியில் சுமார் 190 லிட்டர் இருக்கும். வாரத் தண்ணீர் மாற்றியபின் அதற்கு 2 முதல் 3 கிராம் கரைத்து விடலாம். இரும்பைச் சீலேட் வடிவில் மட்டுமே தர வேண்டும். யூரியாவும் 19:19:19 உரமும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. அவற்றிலிருந்து வரும் அம்மோனியா, உப்புத்தன்மையும் காரத்தன்மையும் கூடிய நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் மீனுக்கு நேரடி நஞ்சு.

செடி தேர்விலும் கவனம் வேண்டும். கடினமான தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டையே கரிச்சத்தாக எடுத்துக்கொள்ளும் திறமை வாலிஸ்னேரியாவுக்கும் ஹைட்ரில்லாவுக்கும் உண்டு. போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில் முதலில் இந்த இரண்டையும் நெருக்கமாக நட வேண்டும். அவை வேர்பிடித்துத் தழைத்த பிறகு விலை கூடிய செடிகளுக்குப் போகலாம்.

எந்தப் பாசி?

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் கண்ணாடியில் படியும் பழுப்புப் பொடிக்கு எதுவும் செய்ய வேண்டாம். பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்தால் போகும், தொட்டி பழகியதும் தானே நின்றுவிடும். நூல்பாசியைக் குச்சியில் சுற்றி எடுக்கலாம். கல்லிலும் இலை ஓரத்திலும் கறுப்புத் தாடிபோல் முளைப்பது உண்மையில் செம்பாசி இனம். அது பிடித்த இலையை வெட்டி எறிந்து, கல்லை வெளியே எடுத்து நான்கு நாள் வெயிலில் காயவைத்தால் போதும்.

வழவழப்பாக ஏடுபோல் உரிந்து, ஒருவித நாற்றம் அடிப்பது நீலப்பச்சைப்பாசி. நெல் வயலுக்கு ஏக்கருக்கு 4 கிலோ இடும் அதே கூட்டத்தைச் சேர்ந்தது. சொல்லப்போனால் பாக்டீரியா வகை. அதனால் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவையும் தாக்கும் என்பதால் வேண்டாத வேலை. ஏட்டை உறிஞ்சி எடுத்து, தொட்டியைக் கறுப்புப் படுதாவால் மூன்று நான்கு நாள் முழு இருட்டாக மூடினால் அடங்கும். ஏர் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். தண்ணீரே பச்சையாக மாறுவதற்கும் இதே வைத்தியம்தான். ஆனால் அந்தப் பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் வேறொரு தொட்டியில் தேக்கினால் அதில் டாஃப்னியா பூச்சி வளர்த்துக் குஞ்சுகளுக்கு உணவாக்கலாம். கட்லா, ரோகு வளர்க்கும் குளத்தில் சாணம் இட்டு வரவழைப்பதே இந்தப் பச்சையைத்தான்.

மயில்துத்தம் வேண்டாம்

போர்டோ கலவைக்கு வாங்கிய மயில்துத்தம் வீட்டில் இருக்கும். பாசியை அது கொல்லும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு சதப் போர்டோ கலவையில் லிட்டருக்கு 10 கிராம் துத்தம் என்றால், பாசிக்கான அளவு பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில்தான் வரும். 190 லிட்டர் தொட்டிக்கு ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. சமையலறைத் தராசில் அதை நிறுக்க முடியாது. ஒரு சிட்டிகையே கூடிவிடும். மழைநீர் போன்ற மென்மையான தண்ணீரில் அந்த அளவே மீனைக் கொல்லும். இறாலும் நத்தையும் எந்தத் தண்ணீரிலும் தாங்காது. போட்ட தாமிரம் அடிமண்ணில் தங்கியும்விடும்.

அளவு சரியாகவே இருந்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. ஒரே நாளில் செத்த பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடுகிறது. இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் பற்றாக்குறை உச்சத்துக்குப் போகும். ராத்திரி நன்றாக இருந்த மீன் காலையில் மிதப்பதற்குக் காரணம் இதுதான். இருட்டுப் படுதா போட்ட தொட்டியிலும் இதே ஆபத்து உண்டு என்பதால்தான் ஏர் பம்ப் நிற்கக்கூடாது.

கண்ணாடி துடைக்கும் மீன் என்று கடையில் தரும் சக்கர் மீன் ஓரடிக்கும் மேல் வளரும். தொட்டி கொள்ளாமல் போனதும் பலர் அதை ஏரியில் விட்டுவிட, தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இன்று வலையைக் கிழிக்கும் வேண்டாத மீனாக அது நிறைந்திருக்கிறது. மோலியும் சிறு நத்தைகளுமே பாசி மேய்வதற்குப் போதும். கழித்த செடியையும் வாய்க்காலில் போடக்கூடாது. வெங்காயத்தாமரையும் அழகுச் செடியாகத்தான் இந்த நாட்டுக்கு வந்தது.

விற்பனைக்கு வளர்ப்போர்

செடியை விற்க வளர்ப்பவர்கள் அதைத் தண்ணீருக்குள்ளேயே வளர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீர்ப்பிரம்மி, அனுபியாஸ், கிரிப்டோகோரைன் போன்றவை நிழல்வலைக்குக் கீழே, ஈரம் காயாத தட்டில், இலை வெளியே இருக்கும்படி நன்றாக வளரும். இலை தண்ணீரில் மூழ்காததால் அதில் பாசி படியும் தொல்லை இல்லை. பெரிய நாற்றங்கால்கள் செய்வதும் இதுவே. வாங்குபவரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: தண்ணீருக்குள் வைத்த முதல் இரண்டு வாரத்தில் பழைய இலைகள் கரைந்து உதிரும், கிழங்கையும் வேரையும் பிடுங்கி எறியாமல் விட்டால் நீருக்கேற்ற புது இலை வரும். இதைச் சொல்லாமல் விற்றால் செடி அழுகல் என்று சொல்லி மறுவாரம் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.