குப்பாயமும் தோள்சீலையும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று தென்திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தடை இருந்தது. கிறிஸ்தவத்தைத் தழுவிய பெண்களுக்கு, உடலை மூடுவது விசுவாசிக்குரிய கண்ணியம் என்று மிஷனரிகள் கற்பித்தார்கள். குப்பாயம் என்ற தைத்த சட்டையையும் பழக்கினார்கள். பெண்கள் அதோடு நிற்கவில்லை. உயர்சாதியார் போடும் தோள்சீலையையும் துணிந்து அணிந்தார்கள். எத்தனை பெரிய துணிச்சல் அது! பொது இடங்களில் அவர்களுடைய மேலாடைகள் கிழிக்கப்பட்டன; சிற்றாலயங்கள் எரிந்தன. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1859-இல் மன்னர் உத்திரம் திருநாள் இறங்கிவந்தார். மதம் எதுவானாலும் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றது அரசாணை. உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்த மட்டும் அப்போதும் அனுமதி கிடைக்கவில்லை.