மூளைக்கு 2 மில்லி ஆம்பியர் மின்சாரம்!
முதியோரின் மறதியைத் தள்ளிப்போட்ட டொரோண்டோ டாக்டர்கள்

"மூளைக்குக் கரண்டா? ஐயோ, வேண்டாம் சாமி!"

இப்படிப் பதறாதவர்கள் குறைவு. ஆனால் கனடா நாட்டின் டொரோண்டோ நகரில், 60 வயதைத் தாண்டிய நூற்றுக்கணக்கான பேர் தாங்களாகவே முன்வந்து தலையில் மின்பட்டை கட்டிக் கொண்டார்கள். மறதி நோய் வராமல் தள்ளிப்போட முடியுமா என்று பார்ப்பதற்காக!

முடிவு 2024-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் மனநல இதழில் வெளியானது.

இரு மடங்கு ஆபத்து

வயதான காலத்தில் வரும் மனச்சோர்வு சாதாரண விஷயம் அல்ல. பெரியவர் பேச மாட்டார். சாப்பாட்டில் ருசி இருக்காது. இரவில் தூக்கம் வராது. வீட்டில் இருப்பவர்கள், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருப்பாரு" என்று விட்டுவிடுவார்கள்.

அதோடு போவதில்லை. சாவியை வைத்த இடம் மறக்கும். கணக்குப் போடத் தடுமாற்றம் வரும். மாத்திரை சாப்பிட்டோமா, இல்லையா என்பதே சந்தேகம் ஆகிவிடும். முதுமையில் மனச்சோர்வு வந்தவர்களுக்கு, மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு 'டிமென்ஷியா' என்னும் மறதி நோய் ஆபத்து உண்டு. மருந்து சாப்பிட்டு மனச்சோர்வு குணமான பிறகும் இந்த ஆபத்து முழுசாகப் போய்விடுவதில்லை. டாக்டர்களுக்குத் தலைவலி கொடுத்த பிரச்சினை இதுதான்.

இது 'ஷாக்' அல்ல

மின்சாரம் என்றதும் 'ஷாக்' சிகிச்சைதான் பலருக்கும் ஞாபகம் வரும். 1938-ல் இத்தாலியில் ரோம் நகரில் தொடங்கிய முறை அது. இப்போது நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்கிறார்கள். கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் அது பலன் தருகிறது. ஆனால் சிலருக்குச் சிறிது காலம் ஞாபகக் குறைவு ஏற்படும்.

டொரோண்டோவில் செய்தது வேறு. 'ஷாக்' சிகிச்சையில் சுமார் 800 மில்லி ஆம்பியர் மின்சாரம் பாயும். இங்கே வெறும் 2 மில்லி ஆம்பியர்தான்! மயக்கம் இல்லை, வலிப்பும் இல்லை. பட்டை வைத்த இடத்தில் லேசாக ஊறல் எடுக்கும், அவ்வளவுதான். நோயாளி விழித்தபடியே உட்கார்ந்திருப்பார்.

நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் திட்டம் போடவும், கவனம் சிதறாமல் வேலை செய்யவும் உதவுகிறது. அந்தப் பகுதியை இந்த மின்சாரம் மெதுவாக உசுப்பி விடுகிறது.

375 பேர், 5 ஆஸ்பத்திரிகள்

தாரிக் ராஜ்ஜி, பெனுவா முல்சாண்ட் ஆகிய டாக்டர்களின் குழு இந்தச் சோதனையை நடத்தியது. டொரோண்டோவில் 5 ஆஸ்பத்திரிகளில் 375 பேர் கலந்து கொண்டனர். சராசரி வயது 72. மனச்சோர்வு வந்து குணமானவர்கள், லேசான ஞாபகக் குறைவு உள்ளவர்கள், இரண்டும் உள்ளவர்கள் என்று 3 வகையினர்.

வாரத்துக்கு 5 நாள் வீதம் 8 வாரம் வரவேண்டும். மின்சாரத்தோடு மூளைக்கு 'தேகப் பயிற்சி'யும் உண்டு. ஞாபகம், கவனம், யோசனை ஆகியவற்றைத் தீட்டும் பயிற்சிகள் அவை. பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை 5 நாள் வந்து போக வேண்டும்.

பாதிப்பேருக்குத்தான் அசல் சிகிச்சை. மீதிப்பேருக்குப் போலி! போலி மின்சாரம், போலி பயிற்சி. தனக்குக் கிடைத்தது எது என்று யாருக்கும் சொல்லவில்லை. "கரண்ட் வெச்சாங்க, அதனால நல்லா இருக்கு" என்ற வெறும் நம்பிக்கையால் கணக்குக் கெட்டுவிடக் கூடாது அல்லவா?

பலன் யாருக்கு?

பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். அசல் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூளைத் திறன் தேய்வது மெதுவாகியிருந்தது.

முக்கியமாகப் பலன் பெற்றவர்கள், மனச்சோர்வு வந்து குணமானவர்களே. மனச்சோர்வு வராமல் ஞாபகக் குறைவு மட்டும் இருந்தவர்களுக்கு அதே பலன் தெரியவில்லை. அல்சைமர் நோய்க்கான மரபணு ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்குப் பலன் கூடுதல்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போன ஞாபகம் திரும்பி வந்துவிடவில்லை. தேய்மானத்தின் வேகம்தான் குறைந்தது. மறதி நோயே வராமல் தடுக்கும் என்றும் நிரூபணம் ஆகவில்லை. வேலை செய்தது மின்சாரமா, பயிற்சியா என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

48 நிமிஷம், 4 நிமிஷம் ஆனது!

மனச்சோர்வே குணமாகாமல் இருப்பவர்களுக்கு? அதற்கும் அதே நகரில் ஒரு வழி கண்டார்கள். அது காந்த சிகிச்சை. தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டுவது. 1985-ல் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர் இந்தக் கருவியைச் செய்தனர்.

மருந்துக்குக் கட்டுப்படாத 60 வயதுக்கு மேற்பட்ட 172 பேரிடம் டாக்டர் டேனியல் புளூம்பெர்கர் குழு இதைச் சோதித்தது. 2022-ல் முடிவு வெளியானது. பழைய முறையில் ஒரு தடவைக்குச் சுமார் 48 நிமிஷம். புதிய முறையில் 4 நிமிஷம்தான்! இரண்டிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு மனச்சோர்வு நீங்கியது. நடக்கவே சிரமப்படும் முதியவருக்கு இந்த நேர மிச்சம் பெரிய உபகாரம்.

வீட்டில் செய்யலாமா?

கூடவே கூடாது! பேட்டரியும் கம்பியும் வைத்து வீட்டிலேயே தலையில் மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பது விபரீதம். தோல் புண்ணாகும். பட்டையை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதெல்லாம் டாக்டர் கணக்கு.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெரியவர் சில வாரங்களாகவே முகம் கொடுத்துப் பேசவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால், "வயசு ஆச்சு" என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போவது. மனச்சோர்வைக் குணப்படுத்தினால்தான் மூளையைக் காக்கும் அடுத்த வேலையே தொடங்க முடியும்!