கல்ஃப் வேலையை விட்டுட்டு ஊர் திரும்பலாமா? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு இதுதான்!

"இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஊருக்கே வந்துடுவேன்."

துபாய், ஷார்ஜா, ரியாத், தோஹா என எங்கே இருக்கும் நம்ம ஊர்க்காரரைக் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான். அந்த ரெண்டு வருஷம் பலருக்கு இருபது வருஷமாக நீண்டுவிடுகிறது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் இந்தக் கதை இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம்.

அமெரிக்கா, கனடா போனவர்களுக்கு கிரீன் கார்டு, குடியுரிமை என்று அங்கேயே தங்கிவிட ஒரு வழி உண்டு. வளைகுடா நாடுகளில் சாதாரண தொழிலாளிக்கு அந்த வழி கிடையாது. ஐக்கிய அரபு அமீரகம் 2019 முதல் 10 வருஷ கோல்டன் விசா கொடுக்கிறது என்பது உண்மைதான். ஆனா அது முதலீட்டாளர்கள், டாக்டர்கள், உயர் சம்பளக்காரர்களுக்கானது. மற்றவர்களுக்கு வேலை இருக்கும் வரைதான் விசா.

அதனால கல்ஃபில் இருப்பவர்களுக்கு "திரும்பலாமா, வேண்டாமா" என்பது உண்மையில் கேள்வியே இல்லை. திரும்பித்தான் ஆகணும். நாமா ஒரு தேதி குறித்து வருகிறோமா, கம்பெனி குறித்த தேதியில் வருகிறோமா என்பதுதான் கேள்வி. 2020 மே மாதம் வந்தே பாரத் விமானங்களில் ஊர் வந்தவர்களில் பலருக்கு அந்தத் தேதியை கொரோனா குறித்துக் கொடுத்தது.

சம்பளத்தை சம்பளத்தோடு ஒப்பிடாதீங்க

"அங்க 92 ஆயிரம் வாங்குறேன், ஊர்ல யார் கொடுப்பா?" என்பதுதான் முதல் பயம். இதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

துபாயில் ஒருவருக்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளம். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 92,000 ரூபாய். சாப்பாடு, பெட் ஸ்பேஸ், போன் ரீசார்ஜ் என்று 1,200 திர்ஹம் அங்கேயே போய்விடும். ஊருக்கு வருவது 2,800 திர்ஹம், அதாவது 64,400 ரூபாய். வீட்டுச் செலவு, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 35,000. லீவுக்கு வரும் டிக்கெட், வாங்கி வரும் சாமான், கல்யாண மொய் எல்லாவற்றையும் மாதக் கணக்கில் பிரித்தால் ஒரு 6,000. மிச்சம் சுமார் 23,000 ரூபாய். இதுதான் அவருடைய உண்மையான சேமிப்பு.

இப்போ அவர் ஊரில் இருந்தால்? வீட்டுச் செலவு 35,000, அவருக்கான செலவு 8,000. ஆக 43,000 ரூபாய் வந்தால் குடும்பம் ஓடிவிடும். அதே 23,000 சேமிப்பும் வேண்டும் என்றால் 66,000 தேவை. ஆக, ஊரில் தேட வேண்டிய வருமானம் 43-க்கும் 66-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கு, 92-ல் இல்லை. இதுவும் சின்னத் தொகை இல்லைதான். ஆனா எட்டவே முடியாத தொகை என்று சொல்ல முடியாது. உங்க வீட்டு எண்களைப் போட்டுப் பாருங்க, விடை வேற மாதிரி வரலாம்.

இன்னொரு விஷயமும் கண்ணை மறைக்கும். அமீரக திர்ஹம், சவுதி ரியால் இரண்டுமே டாலரோடு நிலையாகக் கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.67 திர்ஹம், 3.75 ரியால். ரூபாய் சரிந்தால் ஒரு பைசா சம்பளம் ஏறாமலேயே ஊருக்கு அனுப்பும் தொகை கூடும். 2014-ல் ஒரு திர்ஹம் 16, 17 ரூபாய். 2024-ல் சுமார் 23 ரூபாய். "வருமானம் கூடியிருக்கே" என்று தோன்றும். பத்து வருஷமா அதே 4,000 திர்ஹம்தான் என்பது மறந்துபோகும். இடையில் ஊரில் சிமெண்ட், மனை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் எங்கே போயிருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில் கையில் வருவது எவ்வளவு?

வளைகுடாவில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பொதுவாக பென்ஷன் கிடையாது. வேலை முடியும்போது வரும் கிராஜுவிட்டி பணம்தான். இதில்தான் நிறைய பேர் கணக்கில் ஏமாந்து போகிறார்கள்.

அமீரக சட்டப்படி, முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாள் சம்பளம். மொத்தம் 2 வருஷ சம்பளத்தைத் தாண்டாது. ஆனா இங்கே சம்பளம் என்றால் பேசிக் மட்டும்தான். அலவன்ஸ் சேராது.

நம்ம உதாரணத்தில் 4,000 திர்ஹத்தில் பேசிக் 2,500 என்று வைப்போம். 12 வருஷ வேலைக்கு 315 நாள் பேசிக், அதாவது 26,250 திர்ஹம். சுமார் 6 லட்சம் ரூபாய். முழுச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டவர் 9 லட்சத்து 66 ஆயிரம் வரும் என்று நம்பிக்கொண்டிருப்பார். உங்க லேபர் கான்ட்ராக்டில் பேசிக் எவ்வளவு என்று இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்க.

சவுதியில் முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், அப்புறம் ஒரு மாதச் சம்பளம். ஆனா நீங்களா ராஜினாமா செய்தால் விதி மாறும். 2 வருஷத்துக்குள் விட்டால் ஒன்றும் கிடையாது. 2 முதல் 5 வருஷம் வரை மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 10 வருஷம் வரை மூன்றில் இரண்டு பங்கு, 10 வருஷம் முடித்தால்தான் முழுசா கிடைக்கும். ஒன்பதரை வருஷத்தில் அவசரப்பட்டு பேப்பர் போடுபவர் மூன்றில் ஒரு பங்கை அங்கேயே விட்டுட்டு வருகிறார்.

யாரும் சொல்லாத 3 வருஷக் கணக்கு

கம்பெனி கொடுக்கும் மருத்துவ இன்சூரன்ஸ், வேலை போன அன்றோடு போச்சு. 45, 50 வயதில் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து ஊர் திரும்பும்போது இந்தியாவில் புதுசா பாலிசி எடுத்தால், ஏற்கனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஐஆர்டிஏஐ 2024-ல் மாற்றிய விதிப்படி அது அதிகபட்சம் 3 வருஷம்.

அதனால திரும்ப நினைக்கும் தேதிக்கு 3 வருஷம் முன்பே, அங்கே இருக்கும்போதே, இங்கே குடும்பத்துக்கும் உங்களுக்கும் சேர்த்து பாலிசி எடுத்துவிடுங்க. இருக்கும் நோயை மறைக்காமல் எழுதுங்க. ரெண்டு பிரீமியத்துக்கு எதுக்குக் காசு என்று தோன்றும். ஒரு ஸ்டென்ட் வைக்கும் பில்லைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

குடும்பமும் அங்கே இருந்தால்?

பிள்ளைகளின் வகுப்புதான் தேதியைத் தீர்மானிக்கும். சிபிஎஸ்இ-யில் 10, 12-ம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு 9, 11-ம் வகுப்புகளிலேயே நடக்கிறது. நடுவில் பள்ளி மாற்றுவது தலைவலி. 5-ம் வகுப்பு முடித்தோ 8-ம் வகுப்பு முடித்தோ வருவது சுலபம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம் என்பதும் நினைவிருக்கட்டும். அங்கே இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்த பிள்ளைக்கு அ, ஆ-வில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

குடும்பம் ஊரில் இருப்பவர்களுக்கு வேற கணக்கு. அமீரகத்தில் வாட்ஸ்அப் காலுக்குக்கூட தடை, போட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்களில்தான் பேச வேண்டும். அப்படிப் போனிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அப்பா என்றால் லீவுக்கு வரும் விருந்தாளி. இதற்கு ரூபாயில் மதிப்புப் போட எங்களிடம் பார்முலா இல்லை.

வீடு கட்டியாச்சு, அப்புறம்?

கல்ஃப் பணத்தில் முதலில் எழும்புவது வீடு. கூரை வீட்டில் பிறந்தவருக்கு அது கனவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனா மாடியும் கிரானைட்டும் சேர்த்து 40 லட்சத்தில் முடித்த வீடு மாதம் ஒரு ரூபாய் கூட தராது. பக்கத்து டவுனில் ரெண்டு கடை வாடகைக்கு வந்தாலும் அந்த 43,000-ல் ஒரு பகுதி குறையும். ஊர் வந்ததும் பழக்கமில்லாத தொழிலில் மொத்தத்தையும் போடுவதும் இதே போன்ற தப்பு. ஏசி மெக்கானிக் வேலை பார்த்தவர் ஏசி சர்வீஸ் கடை போடட்டும், சொந்தக்காரர் சொன்னார் என்று ஜவுளிக் கடை வேண்டாம்.

பேங்க், வரி விஷயம்

நிரந்தரமா திரும்பியதும் என்ஆர்இ கணக்கைச் சாதாரண கணக்காக மாற்றும்படி பேங்கில் சொல்லணும். அங்கே சம்பாதித்து அனுப்பிய பணத்துக்கு இங்கே வரி கிடையாது. ஆனா என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இருந்த வரி விலக்கு, நீங்க ஊரோடு வந்துவிட்டால் நின்றுவிடும். கடந்த 10 வருஷத்தில் 9 வருஷம் என்ஆர்ஐ ஆக இருந்திருந்தால் 'ஆர்என்ஓஆர்' என்ற இடைநிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலேயே வரும் வருமானத்துக்கு பொதுவாக இந்தியாவில் வரி வராது.

விசா கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்

கிரெடிட் கார்டு, பேங்க் லோன் பாக்கியை முடித்து கிளியரன்ஸ் லெட்டர் வாங்கிக்கோங்க. பாக்கி இருந்தால் ஏர்போர்ட்டில் பயணத் தடையில் மாட்டலாம். அனுபவச் சான்றிதழ் அங்கே இருக்கும்போதே வாங்குவது சுலபம், ஊர் வந்தபின் ஹெச்ஆர் போன் எடுக்கமாட்டார்.

முக்கியமா, "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற செட்டில்மென்ட் பேப்பரில் பணம் வருவதற்கு முன் கையெழுத்துப் போடாதீங்க. அமீரகத்தில் வேலை முடிந்த 14 நாளுக்குள் கம்பெனி பணத்தைக் கொடுத்தாகணும். இழுத்தடித்தால் அந்நாட்டு தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். இந்தியத் தூதரகத்தின் உதவிக்கு வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம் இருக்கு. புகாரை அந்த நாட்டில் இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்க. விமானம் ஏறிய பிறகு அந்தப் பணத்தைத் துரத்துவது பல மடங்கு கஷ்டம்.