எக்செல் ஷீட்டில் தேதி போடுறீங்களா? ஒரு 'ஸ்லாஷ்' உங்க வரிக் கணக்கையே மாற்றலாம்!

சம்பள நாள், இஎம்ஐ, ஷேர் வாங்கிய தேதி, புராஜெக்ட் டெட்லைன்... இன்று எல்லாமே ஒரு எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில்தான் இருக்கிறது. ஆனால், தேதியை ஷீட் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது பலருக்கும் தெரியாது. அது தெரியாததால் வரும் தவறுகள் கண்ணில் படுவதும் இல்லை. ஏன்னா, ஷீட் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது.

தேதி அல்ல, நம்பர்!

ஒரு செல்லில் 15 ஆகஸ்ட் 2025 என்று டைப் செய்து, அதன் ஃபார்மேட்டை 'நம்பர்' என்று மாற்றிப் பாருங்கள். 45884 என்று காட்டும். 1900 ஜனவரி 1-ஐ முதல் நாளாக வைத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண் தருகிறது எக்செல். அந்த எண்ணுக்குத் தேதி போலச் சட்டை போட்டுக் காட்டுகிறது, அவ்ளோதான்.

15 ஆகஸ்ட் 1947-க்கு உரிய எண் 17394. இரண்டையும் கழித்தால் 28,490. சுதந்திர தினத்திலிருந்து கடந்த நாட்களின் எண்ணிக்கை இது. ஒரு தேதியிலிருந்து இன்னொன்றை நேரடியாகக் கழிக்க முடிவது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1900 லீப் வருடம் அல்ல. ஆனாலும் எக்செல் காலண்டரில் 1900 பிப்ரவரி 29 இருக்கிறது! எக்செல்லுக்கு முன்பு பிரபலமாக இருந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த பிழை இது. அந்த ஃபைல்கள் எக்செல்லிலும் சரியாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, தெரிந்தே அப்படியே விட்டுவிட்டார்கள்.

உண்மையான சிக்கல் எங்கே?

06/08/2024. நமக்கு இது ஆகஸ்ட் 6. ஆனால் ஷீட்டின் செட்டிங் அமெரிக்கா என்று இருந்தால், அதற்கு இது ஜூன் 8. அங்கே மாதம்தான் முதலில் வரும்.

இதனால் காசு போகுமா? போகும். பட்டியலிடப்பட்ட பங்குகளை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், அது நீண்டகால லாபம். ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. 12 மாதத்துக்குள் விற்றால் குறுகியகால லாபம், வரி 20%. 2024 ஜூலை 23 முதல் விற்கும் பங்குகளுக்கு இதுதான் கணக்கு.

ஒருவர் 2024 ஆகஸ்ட் 6-ல் ஷேர் வாங்கி, 06/08/2024 என்று பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷீட் அதை ஜூன் 8 என்று எடுத்துக்கொண்டு, '2025 ஜூன் 8-லேயே 12 மாதம் முடிந்துவிட்டது' என்கிறது. அவரும் நம்பி ஜூன் 16-ல் விற்று, 1 லட்சம் ரூபாய் லாபம் பார்க்கிறார். வேறு நீண்டகால லாபம் இல்லாதவர் என்றால், ஆகஸ்ட் 6 தாண்டி அதே லாபத்தில் விற்றிருந்தால் வரி பூஜ்யம். இப்போது செஸ் தவிர்த்து 20,000 ரூபாய்!

25/08/2024 என்று போட்டால் என்ன ஆகும்? 25-வது மாதம் கிடையாது. அதனால் ஷீட் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, ஒரே காலத்தில் சில தேதிகள் தலைகீழாகவும், சில தேதிகள் தேதியே இல்லாமலும் கிடக்கும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கு: நீங்கள் அலைன்மென்ட்டை மாற்றாத வரை, உண்மையான தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்பக்கம் நிற்கும்.

கைகொடுக்கும் ஃபங்ஷன்கள்

(வாசிக்க எளிதாக இங்கே தமிழில் தரப்பட்டுள்ளன. ஷீட்டில் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.)

டேட்: =டேட்(2024,8,6) என்று வருடம், மாதம், நாள் வரிசையில் கொடுத்தால், செட்டிங் எதுவானாலும் ஆகஸ்ட் 6-தான்.

இ-டேட்: மாதங்களைக் கூட்ட இது. 2025 ஜனவரி 31-உடன் வெறுமனே 30-ஐக் கூட்டினால் மார்ச் 2 வரும், பிப்ரவரியே காணாமல் போகும். =இ-டேட்(ஏ2,1) என்றால் பிப்ரவரி 28 என்று சரியாக வரும். டைப் செய்யும்போது நடுவில் கோடு வேண்டாம். ஷேர் வாங்கிய தேதியுடன் 12 மாதம் கூட்டவும் இதுவே போதும்.

நெட்வொர்க்டேஸ்: இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை வேலை நாள் என்று சொல்லும். தொடக்க, முடிவு நாட்களும் கணக்கில் சேரும். சனி, ஞாயிறைத் தானே கழித்துவிடும், ஆனா பொங்கல் அதற்குத் தெரியாது. விடுமுறைப் பட்டியலை நாம்தான் கொடுக்க வேண்டும். 2026 ஜனவரிக்கு வெறுமனே கேட்டால் 22 நாள். புத்தாண்டு, பொங்கல் விடுமுறைகள், குடியரசு தினம் சேர்த்துக் கேட்டால் 18 நாள். டெட்லைன் சொல்வதற்கு முன்பு இந்த 4 நாள் வித்தியாசம் முக்கியம். சனிக்கிழமையும் வேலை என்றால், இதே ஃபங்ஷனின் 'இன்டெல்' வடிவத்தில் வார விடுமுறைக்கு 11 என்று கொடுங்கள். ஞாயிறு மட்டும் கழியும்.

டேட்டிஃப்: வயது, சர்வீஸ் கணக்குக்கு. 'டேட்' என்ற சொல்லோடு டி, ஐ, எஃப் சேர்த்து டைப் செய்யுங்கள். எக்செல் பரிந்துரைப் பட்டியலில் இது வராது, ஆனால் வேலை செய்யும். மூன்றாவது இடத்தில் "ஒய்" கொடுத்தால் முழு வருடங்கள், "எம்" கொடுத்தால் முழு மாதங்கள். "எம்டி" மட்டும் வேண்டாம். சில நேரம் தவறான விடை தரும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

டுடே: இன்றைய தேதி. நாளை திறந்தால் நாளைய தேதியாக மாறிவிடும். அதனால் பில் தேதி, என்ட்ரி தேதிக்கு இதைப் போடாதீர்கள். கன்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளியை அழுத்தினால் மாறாத தேதி விழும்.

இன்றே செய்ய வேண்டியது

கூகுள் ஷீட்டில் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் சென்று, லொக்கேலை இந்தியா என்று மாற்றுங்கள். எக்செல் என்றால் விண்டோஸின் ரீஜியன் செட்டிங்கைப் பாருங்கள். ஆனால், ஏற்கெனவே தவறாகப் பதிவான தேதிகள் இதனால் திருந்தாது. மாதம் 12-க்குள் எந்த எண்ணும் செல்லுபடியாகும் என்பதால், 1 முதல் 12 வரையிலான நாட்களில் பதிவானவைதான் சந்தேகத்துக்கு உரியவை. அவற்றை மட்டும் ஒருமுறை ஒரிஜினல் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இனி டைப் செய்யும்போது மாதத்தை எண்ணாகப் போடாமல் '6-ஆக்' என்பது போல ஆங்கிலச் சுருக்கமாகப் போட்டால், குழப்பத்துக்கே இடமில்லை.