ஆர்க்கிட் ஏன் இலையை விடுது? திண்டிவனத்து வீட்டுக் குறிப்புகள்

அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அக்கா பெங்களூரில் இருந்து ஒரு ஆர்க்கிட் கொண்டு வந்தாள். வெள்ளைப் பூ, தடித்த ஆறு இலை, பளபளன்னு ஒரு பீங்கான் தொட்டி. ரெண்டு மாசத்துக்கும் மேல பூ அப்படியே நின்றது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் பூ உதிர்ந்தது. அது பரவாயில்லை. பொங்கலுக்குள் மூணு இலையும் போய்விட்டது. மல்லி, கனகாம்பரம், துளசி எதை நட்டாலும் தழைக்கிற கை அம்மாவுடையது. "என் கை ராசியே போயிடுச்சுடா"ன்னு சொல்லிவிட்டு அந்தத் தொட்டிப் பக்கமே போகாமல் விட்டார். செடி போனால் போகட்டும், அம்மா அப்படிச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய் வருகிற ரயில் நேரத்தில் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இது என்ன செடி?

வீட்டுக்குள் வைக்கக் கடைகளில் விற்கும் ஆர்க்கிட்டில் பெரும்பாலானவை ஃபலனாப்சிஸ் வகை. 1825-ல் ப்ளூம் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர். அந்துப்பூச்சி மாதிரி இருப்பது என்று பொருள். காட்டில் இது மண்ணில் வளராது. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு தொங்கும். ஒட்டுண்ணியும் கிடையாது, மரத்திடம் இருந்து எதையும் உறிஞ்சாது. தங்க இடம் மட்டும்தான் கேட்கும்.

இதற்காக நாம் வெளிநாட்டுக் காட்டைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. வாண்டா டெசலாட்டா என்ற ஆர்க்கிட் தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலேயே மரங்களில் தொற்றி வளர்கிறது. மழை கொட்டும்போது அதன் வேர் முழுக்க நனையும். மழை விட்டு காற்று அடித்தால் சீக்கிரமே காய்ந்துவிடும். இதில்தான் விஷயமே இருக்கு. எவ்வளவு தண்ணீர் கிடைத்தது என்பதைவிட, எவ்வளவு வேகமாகக் காய்ந்தது என்பதுதான் ஆர்க்கிட்டுக்கு முக்கியம்.

ஆர்க்கிட் வேரின் மேல் பஞ்சு மாதிரி ஒரு உறை உண்டு. வேலமென் என்று பெயர். செத்த செல்களால் ஆனது. தண்ணீர் பட்டதும் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் உள்ளே இருக்கும் பச்சை தெரியும். இந்த உறை ஓயாமல் ஈரமாகவே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகிவிடும்.

எங்கள் வீட்டில் நடந்தது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. கரண்ட் இல்லை, தெருவில் தண்ணீர். அந்த நேரத்தில் வராண்டாவில் இருந்த ஆர்க்கிட்டை யார் நினைப்பார்? நாலு நாள் கழித்துப் பார்த்தால், ஓட்டையே இல்லாத அந்தப் பீங்கான் தொட்டியில் தண்ணீர் தளும்பி நின்றது. கொட்டிவிட்டு, பிழைத்துவிட்டது என்று நினைத்தோம்.

ஜனவரியில் இலைகள் துவண்டு சுருங்கின. அம்மா பார்த்தார், "தாகமா இருக்கு பாவம்" என்று காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊற்றினார். மல்லிக்கு அது சரி. ஆனால் இங்கே வேர் அழுகியதால்தான் இலைக்குத் தண்ணீர் ஏறவில்லை. தொட்டியில் தண்ணீர் இருந்தும் செடிக்குத் தாகம். அழுகின செடியும் காய்ந்த செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் கெட்டது. இதில் கை ராசி எங்கே வந்தது?

எந்த இலை விழுகிறது என்று பாருங்கள்

அடி இலை ஒன்று மட்டும் மெதுவாக மஞ்சளாகி விழுந்தால் அது வயசு. ஃபலனாப்சிஸ் ஒரே தண்டாக மேல்நோக்கி வளரும், உச்சியில் புது இலை வரும், கீழே பழசு கழியும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு போவது சாதாரணம்.

பல இலைகள் சேர்ந்து துவண்டு, சுருங்கி, கீழிருந்து ஒவ்வொன்றாகப் போனால் வேரைச் சந்தேகப்படுங்கள்.

நடுக்குருத்து கறுத்து, ஈரமாகி, தொட்டதும் கையோடு வந்தால் குருத்தழுகல். இலைகளின் நடுவே தண்ணீர் தேங்குவதால் வருவது. இருப்பதிலேயே மோசமானது இதுதான்.

வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்துப் பிறகு கறுத்த திட்டு இருந்தால் வெயில் சுட்டது. நம்ம ஊர் சித்திரை வெயிலை இந்த இலை தாங்காது.

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுக்கலாம்.

இன்னொன்று: உங்களிடம் இருப்பது டென்ட்ரோபியம் வகையாக இருக்கலாம். கரும்பு மாதிரி கணுக்கணுவாகத் தண்டு இருக்கும். அதில் சில வகைகள் ஓய்வுக் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டைத் தண்டாக நிற்கும், அதிலேயே பூக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

நான் செய்தது

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செடியை வெளியே எடுத்தேன். வேர்களுக்கு நடுவில் நர்சரியில் வைத்த பாசி உருண்டை ஒன்று, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அதை எடுத்துவிட்டு வேரைக் கழுவி ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கு. கொழகொழவென்றோ, உள்ளே ஒன்றுமில்லாமல் நார் மட்டுமாகவோ இருந்தால் போச்சு. பதினைந்து வேரில் நாலுதான் தேறியது.

கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்து, கெட்டதை வெட்டினேன். வெட்டிய முனையில் மட்டும் பட்டைத்தூள் தொட்டு வைத்தேன். நல்ல வேரில் அதைப் பூசக்கூடாது, வேரை உலர்த்திவிடும். ஒரு நாள் நிழலில் அப்படியே காய விட்டேன்.

பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. அடுப்புக்கரித் துண்டு, உடைந்த ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு. மட்டையில் உப்பு இருக்கும், ரெண்டு மூணு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்த பிறகே போட வேண்டும். மண் ஒரு பிடிகூடக் கிடையாது.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் குடத்தில் வெள்ளையாகப் படியும். அந்த உப்பு வேரிலும் படியும். அதனால் மழைத்தண்ணீர், இல்லாவிட்டால் கேன் தண்ணீர். வேர் வெள்ளி நிறமானால் மட்டும், காலையில், வடியும்படி. இலை நடுவில் தண்ணீர் நின்றால் துணி முனையால் ஒற்றி எடுத்துவிடுவேன். ஹாலில் கிழக்கு ஜன்னல் ஓரம், திரைக்குப் பின்னால் வைத்தேன். புது வேர் வரும்வரை உரம் கிடையாது. உறிஞ்ச வேர் இல்லாதபோது உரம் உப்பாகத்தான் தங்கும்.

எல்லா இலையும் போய்விட்டால்?

உச்சிக்குருத்தும் சில வேர்களும் பச்சையாக இருந்தால் காத்திருக்கலாம். ஆர்க்கிட் வேருக்கே பச்சையம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் டீனியோபில்லம் என்ற ஆர்க்கிட்டுக்கு இலையே கிடையாது, வேரை வைத்தே வெளிச்சத்தில் உணவு தயாரித்துக்கொள்கிறது. ஃபலனாப்சிஸுக்கு அந்த அளவு முடியாது, கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். குருத்து செத்திருந்தாலும் சில சமயம் அடித்தண்டில் குட்டி முளைக்கும். வேரும் குருத்தும் ரெண்டும் போயிருந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

மூணு மாசம் எங்கள் செடியில் ஒன்றும் நடக்கவில்லை. அக்னி நட்சத்திரத்தில் இன்னொரு இலையும் போனது, மிச்சம் ரெண்டு. ஜூனில் தண்டின் பக்கத்தில் பச்சையாக ஒரு முனை, அரிசி அளவு. வேர். ஆகஸ்டில் புது இலை.

முதலில் பார்த்தது நான் இல்லை, அம்மாதான். இப்போ தினமும் காலையில் சொம்பு இல்லாமல் வெறுங்கையோடு போய் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். "இன்னைக்குப் பச்சையா இருக்கு, வேணாம்" என்று சொல்லிவிட்டு மல்லிக்குப் போய்விடுகிறார்.