போர்க்கூடத்து ரகசியங்கள் – 12: கிழங்குப் பசையில் ஒட்டிய ஆயுதம்

சென்ற வாரம் பார்த்த வி-2 ராக்கெட்டுக்கு ஆல்கஹால் வேண்டும், திரவ ஆக்ஸிஜன் வேண்டும், மலையைக் குடைந்த தொழிற்சாலை வேண்டும். அதே 1944-ல் ஜப்பான் ராணுவம் ரகசியமாகச் செய்த ஆயுதத்துக்குக் காகிதமும் கிழங்குப் பசையும் ஹைட்ரஜனும் போதுமாக இருந்தன. வி-2 எட்டிய தூரம் சுமார் 320 கிலோமீட்டர். இந்தக் காகிதமோ பசிபிக் கடலைத் தாண்டியது. பலூனில் கட்டிவிட்ட குண்டு அது. பெயர் ஃபூ-கோ.

1942 ஏப்ரலில் டூலிட்டில் தலைமையில் வந்த அமெரிக்க விமானங்கள் டோக்கியோமீது குண்டு வீசின. பதிலடி கொடுத்தே தீர வேண்டும் என்று துடித்த ஜப்பானிடம், அமெரிக்கா வரை போய்வரும் குண்டுவீச்சு விமானம் இல்லை. காற்று இருந்தது. ததேனோ வானிலை ஆய்வகத்தின் தலைவர் வசாபுரோ ஓய்ஷி, 1920-களிலேயே சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, வெகு உயரத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஒரு பெருங்காற்றை அளந்து வைத்திருந்தார். உலகத்தார் எல்லோரும் படிக்கட்டும் என்று அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். வெளிநாடுகளில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. 1944 நவம்பரில் டோக்கியோவுக்கு மேலே வந்த பி-29 விமானங்களின் குண்டுகளை அந்தக் காற்றே குறி தவறச் செய்தது. ஜெட் காற்றோட்டம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

காற்றில் மிதப்பது எளிது. அதே உயரத்தில் நாள்கணக்கில் நிற்பதுதான் கடினம். பகலில் வெயில் பட்டால் வாயு விரிந்து பலூன் ஏறும். இரவில் குளிர்ந்தால் இறங்கும். அளவுக்கு மீறி ஏறினால் ஒரு வால்வு திறந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். இறங்கினால், காற்றழுத்தமானி ஒரு மின்சுற்றை இணைக்கும். சிறு வெடிமருந்து வெடித்து மணல் மூட்டைகளை அறுத்துவிடும். பாரம் குறைந்த பலூன் மீண்டும் மேலேறும். வழக்கமாக 32 மூட்டைகள். அவை தீர்வதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடி, கீழே அமெரிக்கா வந்திருக்கும் என்பது கணக்கு. கடைசியில் குண்டுகள் விழும். ஆளே இல்லாமல், கட்டுப்படுத்த ரேடியோ சமிக்ஞையும் இல்லாமல், ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போகும் ஆயுதத்தை உலகம் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் நோக்கத்தை வெறுக்கிறேன். அந்தப் பொறியை வடிவமைத்தவர்களின் அறிவை மறுக்க முடியவில்லை.

பத்து மீட்டர் விட்டமுள்ள அந்த உறையை ஒட்டியவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். கோசோ மரப்பட்டையில் செய்த காகிதத்தை, கொன்யாகு கிழங்கு மாவில் காய்ச்சிய பசையால் அடுக்கடுக்காக ஒட்டினார்கள். கொன்யாகு நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. உணவுக்குத் திண்டாட்டமான காலம். பசி தாங்காமல் அந்தப் பசையையே எடுத்துத் தின்றவர்கள் உண்டு. யமகுச்சி ஊர் மாணவிகள் கோகுரா ராணுவத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகப்பட்டு, 12 மணி நேர ஷிஃப்டில் வேலை செய்தார்கள். தாங்கள் ஒட்டும் காகிதம் யாரைக் கொல்லப் போகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

1944 நவம்பர் 3-ல் தொடங்கி 1945 ஏப்ரல் வரை சுமார் 9,300 பலூன்கள் ஏவப்பட்டன. அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோவில் கண்டறியப்பட்டவை ஏறக்குறைய 300. காடுகளைக் கொளுத்துவதுதான் திட்டம். ஆனால் ஜெட் காற்று வலுப்பது குளிர்காலத்தில். அப்போது அந்தக் காடுகள் பனியிலும் ஈரத்திலும் நனைந்து கிடக்கும். அமெரிக்க நிலவியலாளர்கள் மூட்டை மணலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதிலிருந்த கனிமங்களையும் நுண்ணுயிர் ஓடுகளையும் வைத்து, அது ஜப்பானின் எந்தக் கடற்கரை மணலாக இருக்கும் என்றே கணித்தார்கள்.

1945 ஜனவரியில் அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் பத்திரிகைகளையும் வானொலிகளையும் பலூன்களைப் பற்றிப் பேசாதிருக்கச் சொன்னது. அவையும் வாய் திறக்கவில்லை. பலூன்கள் போய்ச் சேர்ந்தனவா என்பது சரிவரத் தெரியாமலே ஜப்பான் திட்டத்தைக் கைவிட்டது. தணிக்கை வென்றது என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. நான் அங்கே நிறுத்த மாட்டேன். 1945 மே 5-ல் ஒரெகன் மாநிலத்தின் பிளை என்ற சிற்றூருக்கு அருகே, ஒரு பாதிரியாரும் கர்ப்பிணியான அவர் மனைவியும் ஐந்து சிறுவர் சிறுமியரோடு மலைக்காட்டுக்கு உல்லாசப் பயணம் போனார்கள். அவர் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது, மற்றவர்கள் தரையில் கிடந்த ஏதோ ஒன்றைச் சூழ்ந்து நின்றார்கள். அது வெடித்தது. மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இறந்தார்கள். பிள்ளைகளின் வயது 11 முதல் 14.

பலூன் என்ற சொல்லையே எடுக்காமல், ‘காட்டில் புதுப்பொருள் கிடந்தால் தொடாதீர்கள்’ என்று பள்ளிகளில் சொல்லியிருக்க முடியும். சொன்னார்கள், ஆறு பேர் செத்த பிறகு. எதிரிக்குத் தெரியக்கூடாதது தன் குழந்தைகளுக்கும் தெரியக்கூடாது என்று முடிவெடுத்த அரசு, அந்த மரணத்தில் தன் பங்கை ஏற்க வேண்டும்.

அதே 1945 மார்ச் 10-ல் ஒரு பலூன் வாஷிங்டன் மாநிலத்தில் மின்கம்பியில் சிக்கியது. அதனால் அங்கே ஹான்ஃபோர்டில் புளூட்டோனியம் செய்துகொண்டிருந்த அணு உலை சற்று நேரம் நின்றுபோனது. நாகசாகிமீது விழுந்த குண்டுக்குப் புளூட்டோனியம் வந்தது ஹான்ஃபோர்டிலிருந்துதான். ஆகஸ்ட் 9-ல் அந்தக் குண்டின் முதல் இலக்கு, மாணவிகள் காகிதம் ஒட்டிய அதே கோகுரா தொழிற்சாலை. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது.

பிளையில் இறந்தவர்களைப் பற்றி அந்த மாணவிகளில் சிலருக்கு நாற்பதாண்டு கழித்துத்தான் தெரியவந்தது. 1987-ல் அவர்கள் ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்து அந்தக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். பலூன்களின் கணக்கு இன்னும் முடியவில்லை. 2014 அக்டோபரில் கனடாவின் லம்பி என்ற ஊர்ப்புறக் காட்டில் வனப் பணியாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். பாதி மண்ணில் புதைந்திருந்தது. நகர்த்துவது ஆபத்து என்று கடற்படை வெடிகுண்டு நிபுணர்கள் அதைக் கிடந்த இடத்திலேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

(தொடரும்)