நச்சு மீன் வளர்க்கும் வீடும் நிலநடுக்கமும்

குடாப்பகுதியில் வாழும் நமது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரவேற்பறையில் இப்போது மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. நல்ல விடயம்தான். பிள்ளைகள் தொலைக்காட்சியை விட்டு எழும்பி வந்து பார்க்கும் பொருட்கள் வீட்டில் அதிகம் இல்லை. ஆனால் தங்கமீனில் தொடங்கும் ஆசை அங்கேயே நிற்பதில்லை. உப்புநீர்த் தொட்டிக்குப் போகிறது, பிறகு கடையில் சிறகு விரித்தாற்போல நிற்கும் லயன்ஃபிஷ் எனப்படும் சிங்கமீனில் கண் விழுகிறது. அண்மையில் இரண்டு மூன்று பெற்றோர் நம்மிடம் கேட்டார்கள்: "டொக்டர், இது ஆபத்தான மீனா? வாங்கலாமா?"

ஆபத்துத்தான். ஆனாலும் சரியாக வைத்தால் வளர்க்கலாம். நாம் வாழ்வது கலிபோர்னியாவில் என்பதால் அந்தச் "சரியாக" என்ற சொல்லுக்குள் நிலநடுக்கமும் அடங்குகிறது. மீன் கடையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் மீனைப் பற்றி. சிங்கமீனுக்கு முதுகில் 13, வயிற்றுப் பக்கத் துடுப்புகளில் 2, பின்துடுப்பில் 3 என மொத்தம் 18 நச்சு முட்கள் உண்டு. அழகாக விரிந்து நிற்கும் பக்கத் துடுப்புகளில் நஞ்சு இல்லை. ஒவ்வொரு நச்சு முள்ளையும் மெல்லிய தோலுறை மூடியிருக்கும். முள் நமது தோலில் ஏறும்போது அந்த உறை பின்னால் தள்ளப்பட்டு, முள்ளின் பள்ளத்தில் இருக்கும் நஞ்சு காயத்துக்குள் இறங்குகிறது. இரை பிடிக்க அது முள்ளைப் பாவிப்பதில்லை. தற்காப்புக்கு மட்டுந்தான். செத்த மீனின் முள்ளும் குத்தினால் நஞ்சு ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

நமக்கு இது முற்றிலும் புதிய கதையல்ல. ஊரில் ஓரா மீன் வெட்டும்போது முள் குத்தியவர்களும், கரைவலையில் கெளிறு குத்தியவர்களும் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அந்தக் கடுப்பு அவர்களுக்குத் தெரியும். இங்கே தொட்டிக்கென விற்கப்படும் ஃபொக்ஸ்ஃபேஸ் என்ற மஞ்சள் மீன் நம் ஓராவின் நெருங்கிய உறவு. கடைக்காரர் அதைச் சாதுவான மீன் என்று சொல்லிக் கொடுப்பார். சாதுதான், முள் மட்டும் சாது இல்லை. கல்மீன் எனப்படும் ஸ்டோன்ஃபிஷ்ஷோ வேறு கதை. அதன் நஞ்சுக்கான மாற்று மருந்து அவுஸ்திரேலியாவில் தயாரிக்கப்படுகிறது, நம் பக்கத்து மருத்துவமனையில் அது இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. குடும்பம் வாழும் வீட்டில் அந்த மீனுக்கு இடமில்லை என்பது நம் கருத்து. இதில் பேரம் பேச நாம் தயாரில்லை.

குத்தினால் என்ன செய்வது?

சில காலத்துக்கு முன் பதினாறு வயதுப் பையன் ஒருவனைத் தகப்பனார் நம்மிடம் கூட்டிவந்தார். தொட்டிக் கண்ணாடியில் பாசி துடைக்கும்போது சுட்டுவிரலில் குத்தியிருக்கிறது. வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் ஐஸ்கட்டி பிடித்துக்கொண்டு வந்தார்கள். பையன் வலியில் துடித்தான். ஐஸை எடுத்துவிட்டுக் கையைச் சுடுதண்ணீரில் வைத்தோம். அரை மணி நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டான்.

இந்த நஞ்சு புரதத்தால் ஆனது. சூடு பட்டால் சிதையும். எனவே காயத்தைக் கழுவி, வெளியே தெரியும் முள்துண்டை எடுத்துவிட்டு, குத்திய கையையோ காலையோ சுமார் 45 பாகை செல்சியஸ், அதாவது 113 பாகை ஃபரன்ஹைட் சூடுள்ள தண்ணீரில் 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஆறினால் கையை வெளியே எடுத்த பிறகே புதிய சுடுதண்ணீர் சேருங்கள். சூட்டைக் குத்துப்பட்டவர் பார்க்கக்கூடாது, வேறொருவர் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும். வலியில் இருப்பவருக்குச் சூட்டின் அளவு தெரியாது. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு அறவே தெரியாது. நீரிழிவு நம்மவரிடையே எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குத்தைவிட வெந்த புண்ணே பெரிய நோயாகிவிடும்.

கயிறு கட்டுவது, கீறி இரத்தம் எடுப்பது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி, முகம் அல்லது தொண்டை வீக்கம் இருந்தால் உடனே 911. மற்றபடி 1-800-222-1222 என்ற நஞ்சு ஆலோசனை இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். வலி தணிந்தாலும் அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்பு ஊசி தேவையா, முள்துண்டு உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இது எந்த மீன்தொட்டிக்கும் பொருந்தும். தொட்டித் தண்ணீரில் இருக்கும் ஒருவகைக் கிருமி சிறு கீறல் வழியாகப் புகுந்து, சில வாரங்கள் கழித்து விரலிலோ கையிலோ சிவந்த கட்டியாக வரும். வழமையான மருந்துக்கு ஆறாது. மாதக்கணக்கில் வேறு மருந்து எடுக்க வேண்டிவரும். ஆறாத கட்டியோடு வைத்தியரிடம் போனால் "வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது" என்ற ஒரு வசனத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

நிலம் நடுங்கும்போது

லோமா பிரியேட்டா நிலநடுக்கம் 1989 ஒக்டோபர் 17 அன்று மாலை 5.04க்கு வந்தது. ஆனால் 1994இல் தெற்கே நோர்த்ரிட்ஜில் வந்தது அதிகாலை 4.31க்கு. 2014இல் நாப்பாவில் வந்தது அதிகாலை 3.20க்கு. 2014 தொடக்கம் 2043 வரையான காலத்தில் குடாப்பகுதியில் 6.7 அளவோ அதற்கு மேலோ ஒரு நிலநடுக்கம் வர 72 வீத வாய்ப்பு உண்டென்று அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் கணித்திருக்கிறது.

அதிகாலையில் வந்ததாகவே வைத்துக்கொள்வோம். மின்சாரம் இல்லை. தொட்டி உடைந்து தரை முழுக்க உப்புத்தண்ணீர், கண்ணாடித் துண்டு, அவற்றுக்கிடையே எங்கோ ஒரு சிங்கமீன். பிள்ளையைத் தூக்க நாம் வெறுங்காலோடு ஓடுகிறோம். குத்தினால் மருந்து சுடுதண்ணீர் என்று மேலே சொன்னோம். அந்த நேரத்தில் சுடுதண்ணீருக்கு எங்கே போவது? 911இலும் வழி கிடைக்காமல் போகலாம். நச்சு மீன் வாங்குமுன் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

வீட்டில் தாங்கியுள்ள ஹீட்டர் இருந்தால் மின்சாரமோ எரிவாயுவோ நின்ற பின்னும் அதற்குள் பல மணி நேரம் சுடுதண்ணீர் இருக்கும். குழாயில் வராவிட்டால் ஹீட்டரை நிறுத்திவிட்டு அடியிலுள்ள திருகியைத் திறந்து வாளியில் பிடிக்கலாம். மிகச் சூடாக இருக்கும், பச்சைத்தண்ணீர் கலந்தே பாவியுங்கள். அந்த ஹீட்டரைச் சுவரோடு பட்டி போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டமும்கூட. தாங்கி இல்லாத புதுவகை ஹீட்டர் என்றால் மின்சாரம் நின்றதும் சுடுதண்ணீரும் நின்றுவிடும். அவர்கள் வெளியே வைத்துப் பாவிக்கும் சிறு அடுப்பொன்றும் கேத்தலும் வைத்திருக்க வேண்டும். எரிவாயு மணம் இருந்தால் எதையும் பற்றவைக்காதீர்கள்.

கட்டிலடியில் தடித்த அடியுள்ள சப்பாத்தும் டோர்ச்சும் இருக்கட்டும். ரப்பர் செருப்பை முள் துளைக்கும். ஒரே இரவில் வீட்டை விட்டுக் கிளம்பிய அனுபவம் உள்ளவர்கள் நாம். கதவருகே பையும் பத்திரங்களும் வைத்துப் படுத்த நாட்கள் இருந்தன. அந்தப் பழக்கத்தை இங்கே வந்து விட்டுவிட்டோம், சப்பாத்தோடு திரும்பத் தொடங்கலாம்.

நடுங்கும்போது தொட்டியைப் பிடிக்க ஓடாதீர்கள். 75 கேலன் தொட்டியில் தண்ணீர் மட்டுமே சுமார் 290 கிலோ. கல்லும் மணலும் கண்ணாடியும் வேறு. மேசையின் கீழ் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்த பின் சப்பாத்துப் போட்டு, ஈரத்தில் கால் வைக்காமல் பிரேக்கரில் மின்சாரத்தை நிறுத்துங்கள். அதற்குப் போகும் வழியே ஈரமென்றால் கிட்டப் போகாதீர்கள். உப்புத்தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். மீன் உயிரோடு துடித்தாலும் கையாலோ துணியாலோ எடுக்க வேண்டாம். குப்பை அள்ளும் தட்டால் மூடியுள்ள வாளிக்குள் தள்ளுங்கள்.

தொட்டியின் இடம் வாங்குமுன்பே தீர்மானிக்கப்பட வேண்டியது. படுக்கையறையிலும் வெளியேறும் வழியிலும் வைக்காதீர்கள். ஒடுங்கி உயர்ந்த தொட்டியைவிட நீண்டு அகன்று தாழ்ந்த தொட்டி மேல். கடையில் விற்கும் பல தாங்கு மேசைகள் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கா. மேசையைச் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் இரும்புக் கோணத்தால் பூட்டுங்கள். தண்ணீரை விளிம்புவரை நிரப்பாமல் சில அங்குலம் விட்டு, மூடியைப் பூட்டி வையுங்கள். உள்ளே கற்களை மணலின் மேல் அடுக்காமல் அடியில் பதித்து அடுக்கினால் சரிந்து கண்ணாடியை உடைக்கும் வாய்ப்புக் குறையும். அக்ரிலிக் தொட்டி கண்ணாடிபோல நொறுங்காது, ஆனால் எளிதில் கீறல் விழும். இந்த மீனுக்கு நாம் அக்ரிலிக்கையே சொல்வோம். மின்சாரம் நின்றால் காற்றுக் கொடுக்க பற்றரியில் ஓடும் பம்பும் ஒன்று தேவை.

தவழும் குழந்தையோ துருதுருவென்ற சிறு பிள்ளையோ உள்ள வீட்டில் சிங்கமீன் வேண்டாம். பிள்ளைகள் நீமோ என்று கூப்பிடும் கோமாளி மீன் போதும், அதற்கும் அழகுக்குக் குறைவில்லை. வளர்க்க முடியாமற் போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், கடலில் விடாதீர்கள். புளோரிடாப் பக்கம் 1980களில் தொடங்கிய சிங்கமீன் பெருக்கம் இன்றும் அடங்கவில்லை.

ஊரிலிருந்து அம்மம்மாவோ அப்பப்பாவோ வந்து தங்கும் வீடுகளில் தொட்டிமேல் தமிழிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் இவ்வளவு போதும்: "இந்த மீனைத் தொட வேண்டாம். குத்தினால் சுடுதண்ணீரில் வைக்கவும். மூச்சு முட்டினால் 911."